காரணம்: காற்று

சென்னைக்கும் கேப்டவுனுக்கும் இடையே 8,340 கிலோமீட்டர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் மனப்பாடம் செய்த எண் அது. விமானம் மாறலாம், எடை மாறலாம், காற்று மாறலாம். பூமியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம் மாறாது. அது மாறாது என்பதால்தான் மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போட முடிகிறது.

எங்கள் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று தினமும் அந்த வழியில் போகும். அது புறப்படும் முன் பயண நேரம் எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுப்பது என் வேலை. இறங்கிய பிறகு உண்மையில் எடுத்துக்கொண்ட நேரம் வரும். என் கணக்குக்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தால் திரையில் ஒரு கட்டம் திறந்து காரணம் கேட்கும். காற்று, எடை, எஞ்சின், ஓடுபாதை நெரிசல். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் கட்டம் மூடும். அந்த வித்தியாசத்தை மறுநாள் கணக்கில் சேர்த்துவிடுவோம். இதற்குத் திருத்தம் என்று பெயர்.

சில வாரங்களாக அந்த விமானம் தினமும் அரை நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. பத்து மணி நேரப் பயணத்தில் அரை நிமிடம். நான் 'காற்று' என்று குறித்தேன். மறுநாள் திருத்தினேன். அன்றும் அரை நிமிடம் முன்னதாகப் போனது. மீண்டும் காற்று. யோசிக்க எதுவும் இல்லை. டிபன் பாக்ஸை மூடுவது போல அந்தக் கட்டத்தை மூடினேன்.

"ஜெர்லின் கணக்கு மட்டும்தான்பா ஒட்டிப் போகுது," என்று எங்கள் பிரிவுத் தலைவர் குமுதினி மேடம் ஒரு கூட்டத்தில் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சந்தோஷமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை மாலை பெனிலா மைனி கூப்பிட்டாள். என் அண்ணன் ரெக்சனின் மனைவி. ஊர் தூத்தூர், குமரிக் கடற்கரை. நான் பல்லாவரத்தில் பெண்கள் விடுதியில் இருந்தேன்.

"ஏ பிள்ளே, அண்ணன் உனக்கு மெசேஜ் ஏதாவது போட்டாரா?"

"இல்ல மைனி. ஏன்?"

"எட்டு நாளாட்டு ஒரு சத்தமும் இல்ல."

அண்ணனிடமிருந்து எட்டு நாள் சத்தம் இல்லை என்பது நடக்கிற காரியம் இல்லை. ஆழ்கடலுக்குப் போனாலும் தினமும் வயர்லெஸ்ஸில் கரையைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசுவான். வீட்டில் உள்ள பேச்சு முழுவதையும் அவனே எடுத்துக்கொண்டான், உனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்று மைனி என்னைக் கேலி செய்வாள். படகில் அவனோடு சேர்த்துப் பதினோரு பேர். போய் நாற்பத்தெட்டு நாள் ஆகிறது.

"கடைசியா என்ன சொன்னான்?"

"மீன் சரியில்ல, எனக்க பாயின்டுக்குப் போறேன்னு சொன்னாரு. பெட்டிய அணைச்சிட்டாரு."

பெட்டி என்றால் படகு எங்கே இருக்கிறது என்று கரைக்குக் காட்டும் கருவி. அதை அணைக்கக் கூடாது. எல்லோரும் அணைப்பார்கள். நல்ல மீன் கிடைக்கும் இடத்தைப் பக்கத்துப் படகுக்காரன் திரையில் பார்த்துவிட்டால், மறுநாள் அங்கே நாற்பது படகு நிற்கும். பாயின்ட் என்பது ஒரு குடும்பத்தின் சொத்து. எனக்குக்கூட அது தெரியாது. மைனியிடம் ஒரு நோட்டில் இருக்கிறது.

"இன்னொண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது," என்றாள். "நம்ம பழைய ரேடியோவுல ஒரு முழக்கம் கேக்குது."

"என்ன முழக்கம்?"

"மாடு அழுத மாதிரி. ஞாயிறுல இருந்து கேக்குது. அண்ணைக்கு முள்ளு வலது கடைசியில நிண்ணுது. ஆயிரத்து அறுநூறு பக்கம். தினமும் இடதாட்டு நகந்து வருது. நானும் பின்னாலயே திருப்பி வைக்கேன்."

"இப்போ எங்க இருக்கு?"

"எண்ணூறுல."

போனை ரேடியோவின் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். கேட்டேன். நீளமான, தாழ்ந்த ஒலி. எழும்பி, இறங்கி, கொஞ்சம் நின்று, மறுபடி எழும்பியது. அரை மணி நேரம் பதிவு செய்தேன். பயமாக இருந்தது. எந்த நிலையமும் அலைவரிசையை விட்டு நகராது. ஒலிபரப்புகிற கருவி ஓடும் வேகம் குறைந்தால்தான் அப்படி நகரும்.

அண்ணன் படகின் வயர்லெஸ் எட்டாயிரம் கிலோஹெர்ட்ஸில் பேசும். எட்டாயிரத்தை எண்ணூறால் வகுத்தேன். பத்து.

பதிவைப் பத்து மடங்கு வேகமாக ஓட்டினேன்.

"பெனிலா, கேக்குதா? யாராவது கேக்குதா? நீங்க பேசுகது கொசு கத்துன மாதிரி இருக்கு, ஒண்ணும் வெளங்கல்ல. இஞ்ச பொழுது நிக்கமாட்டேங்குது. கஞ்சி குடிச்சு முடிக்கதுக்கு முந்தி இருட்டுது, கை கழுவுகதுக்கு முந்தி விடியுது. எட்டு தடவ விடிஞ்சாச்சு. ஐஸ் பாத்தா ஒண்ணரை நாளைக்கு உள்ளதுதான் உருகியிருக்கு. கயிறு கடல்ல கெடக்கு, ஒவ்வொரு தூண்டில்லயும் மீன் கெடக்கு, அறுத்துப்போட மனசு வரல்ல. அதாக்கும் இவ்வளவு நேரம் நிண்ணோம். இப்போ அறுத்தாச்சு. வடகிழக்கா வீட்டுக்கு ஓட்டுதோம். பெனிலா, கேக்குதா?"

அரை மணி நேரப் பதிவு மூன்று நிமிடத்தில் முடிந்தது.

*

எங்கள் பயணிகள் விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே வழிதான். அதற்குப் பத்து மணி பன்னிரண்டு நிமிடம் ஆகும். பத்து மணி நேரத்தைத் தாண்டினால் மூன்றாவது விமானி வேண்டும் என்பது விதி. அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக நிறுவனம் மடிப்பை வாங்கியது.

மாலத்தீவுக்கு மேற்கே, நானூறு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டம். கப்பல் பாதை எதுவும் இல்லாத கடல். விமானம் அங்கே நெருங்கும்போது அதன் மூக்கில் உள்ள கருவி முன்னால் இருக்கும் வானத்தை மடிக்கும். விமானம் கடந்ததும் வானம் பழையபடி விரியும். இருபத்தாறு நிமிடம் மிச்சம். கீழே ஆள் இருந்தால் மடிக்கக் கூடாது என்று உரிமத்தில் இருக்கிறது. தினமும் காலையில் கப்பல்களின் இருப்பிடத் திரையைப் பார்ப்பார்கள். அந்த வட்டத்தில் ஒரு புள்ளியும் இருக்காது.

சரக்கு விமானம் பழையது. அதற்கு மடிக்கும் கருவி கிடையாது. முழுத் தூரத்தையும் பறந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை கேண்டீனில் இம்தியாஸ் அண்ணனைப் பிடித்தேன். மடிப்புக் கருவியைப் பராமரிக்கிறவர். நானாகப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

"என்னம்மா, இன்னிக்கு மழை வரும்போல," என்றார்.

"அண்ணா, மடிச்ச வானம் முழுசா விரியுமா?"

அவர் வடையைக் கீழே வைத்தார். "ஏன் கேக்குற?"

"சரக்கு விமானம் நாற்பத்தெட்டு நாளா தினமும் அரை நிமிஷம் சீக்கிரம் போகுது. நான் ஒவ்வொரு நாளும் திருத்தியிருக்கேன். மொத்தம் இருபத்துநாலு நிமிஷம். முந்நூத்தி அறுபது கிலோமீட்டர்."

அவர் சட்டைக் கையை இழுத்துக் காட்டினார். "இதை ஒரு தடவை மடிச்சா, உதறினா சரியாயிடும். தினமும் அதே இடத்துல மடிச்சா? கோடு விழும். அப்புறம் நீ மடிக்கவே வேணாம், அதுவா மடிஞ்சு நிக்கும்." கொஞ்சம் யோசித்தார். "நாங்க அளந்து பாத்திருக்கணும். எங்க விமானத்துக்கு அது தெரியாது பாரு. அதுக்கு எப்பவும் வட்டம் சின்னதுதான். முழுசாப் பறக்குறது உன் விமானம் ஒண்ணுதான்."

"கீழ இருக்கிற கடலுக்கு என்ன ஆகும்?"

"தூரம் அழியாதும்மா. மேல சுருக்கினா கீழ எங்கயாவது நீளணும். அங்க நேரம் நீளும்னு சொல்வாங்க. ஒரு நிமிஷத்துக்குத்தானே, கடலுக்கு என்னன்னு விட்டுட்டாங்க."

"இப்போ பத்து மடங்கு நீண்டிருக்கு அண்ணா. நானூறுல நாற்பது கிலோமீட்டர்தான் மிச்சம். எங்க அண்ணன் அதுக்குள்ள இருக்கான்."

அவர் வடையைத் தொடவே இல்லை.

"மடிக்கிறத நிறுத்தினா விரியுமா?"

"கோடுதானே. விட்டா மெதுவா விரியலாம். ஆனா முழுசா மூடிடுச்சுன்னா அது கோடு இல்ல, தையல். யாராலயும் பிரிக்க முடியாது."

கணக்கு எளிது. பாயின்ட் வட்டத்தின் நடுப்பக்கம் இருந்தது. விளிம்புக்கு இருநூறு கிலோமீட்டர். படகின் வேகம் மணிக்குப் பன்னிரண்டு. அண்ணனுக்கு வேண்டியது அவன் கடிகாரத்தில் பதினேழு மணி நேரம். இன்றே மடிப்பை நிறுத்தினால் நமக்கு அதன் பத்து மடங்கு, ஏழு நாள், அவன் வந்துவிடுவான். நிறுத்தாவிட்டால் வட்டம் தினமும் ஏழரை கிலோமீட்டர் சுருங்கும். செவ்வாய் இரவு முடிவதற்குள் ஒன்றும் இருக்காது. அதுவரை அவன் கடிகாரத்தில் ஓடக்கூடியது ஆறரை மணி நேரம்கூட இல்லை.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். அதே விடைதான்.

பாயின்ட் நடுப்பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது, முந்தின மாலை மைனி சொன்னதால். முதலில் அவள் சொல்லவில்லை.

"அந்த நம்பர மட்டும் கேக்காத பிள்ளே. குருசு மேல கை வச்சு சத்தியம் வாங்கியிருக்காரு."

அப்போதுதான் அண்ணன் குரலை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் நோட்டைத் தேடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். கடைசி எண்ணில் மட்டும் நின்றாள்.

"திரும்பி வந்தா என்னைக் கொல்லுவாரு," என்று சொல்லிவிட்டு அதையும் சொன்னாள்.

*

குமுதினி மேடம் கெட்டவர் இல்லை. நான் காட்டிய எண்களை முழுவதும் படித்தார். பதிவை இரண்டு முறை கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உடனே தலைமை அலுவலகத்துக்குப் பேசினார். பதினோரு மணிக்குத் திரையில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பொறியாளர், ஒருவர் சட்டப் பிரிவு, ஒருவர் யாரென்று சொல்லவில்லை.

எழுதி வைத்ததைப் படித்தேன். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டேன். திரும்பிப் படித்தேன்.

"அந்த இடத்துல படகு எதுவும் இல்லைன்னு திரை சொல்லுது," என்றார் பொறியாளர்.

"பெட்டிய அணைச்சிருக்காங்க சார்."

"அது அவங்க தப்பு இல்லையா?"

"தப்புதான் சார். ஆனா அங்க பதினோரு பேர் இருக்காங்க."

சட்டப் பிரிவுக்காரர் மிக மரியாதையாகப் பேசினார். "ஜெர்லின், வட்டம் சுருங்கிடுச்சுன்னு நீங்க சொல்றதுக்கு ஆதாரம் சரக்கு விமானத்தோட நேரம். சரியா?"

"ஆமா சார்."

"அந்த நேரத்துக்கு நாற்பத்தெட்டு நாளும் காரணம் குறிச்சிருக்கு. காற்று. குறிச்சது யாரு?"

"நான்தான் சார்."

"ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல. நாற்பத்தெட்டு நாள் காற்றுன்னு எழுதிட்டு, இன்னிக்கு மட்டும் காற்று இல்லைன்னா நாங்க எதை நம்பறது? நீங்க அப்போ சரியா, இப்போ சரியா?"

"இப்போ சார்."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை. "விசாரணைக் குழு வியாழக்கிழமை கூடும். உங்களையும் கூப்பிடுறோம்."

"செவ்வாய்க்கிழமையே முடிஞ்சிடும் சார்."

திரை அணைந்துவிட்டது. மேடம் என் முதுகில் கை வைத்தார். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவருக்குப் போன் வந்தது.

அன்றைய கட்டம் என் திரையில் திறந்திருந்தது. அரை நிமிடம். காரணம்? நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்காவிட்டால் மறுநாள் விமானத்துக்குத் திட்டம் வெளிவராது. அப்படியாவது யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். விமானத் துறைக்கு மனு அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று இயந்திரம் பதில் போட்டது. வானிலைப் படத்தைத் தேடிப் பார்த்தேன். மாலத்தீவுக்கு மேற்கே வட்டமாக ஒரு கறுப்பு. கீழே சிறிய எழுத்தில் 'சென்சார் கோளாறு, திருத்தப்படும்' என்று இருந்தது. என்னைப் போல ஒருவர் எங்கோ உட்கார்ந்து அதை எழுதியிருப்பார்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது என் கட்டம் மூடியிருந்தது. இரவு வேலைக்கு வந்த யாரோ 'காற்று' என்று குறித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அன்று மாலை மைனி கூப்பிட்டாள். "முள்ளு இடது கடைசியில முட்டிட்டு பிள்ளே. இதுக்கு மேல திரும்பல்ல. சத்தமும் இல்ல."

"அதுக்குக் கீழ போயிட்டான் மைனி. பேசிட்டுதான் இருப்பான். நம்ம ரேடியோவுக்கு எட்டாது."

"ஊர்க் கமிட்டி பதினாறு படகு விடுது. நான் பாயின்ட சொல்லிட்டேன். கோவில் மைக்குல சொல்லிட்டேன்."

ஒரு படகு காணாமல் போனால் எங்கள் ஊர் யாருக்காகவும் காத்திருக்காது. டீசல் போட்டுக்கொண்டு தானே தேடப் போகும். அதை நான் மறந்திருந்தேன். பதினாறு படகு, ஒன்றுக்குப் பத்துப் பேர். விளிம்பைத் தாண்டினால் எவரும் திரும்ப மாட்டார்கள்.

நான் கமிட்டித் தலைவர் கில்பர்ட் மாமனைக் கூப்பிட்டேன். அவர் முதல் படகில் ஏறிக்கொண்டிருந்தார்.

"மாமா, பாயின்டுக்குப் போகாதீங்க. இருநூறு கிலோமீட்டருக்கு முந்தியே நிண்ணுக்கிடணும். தாண்டினா வரமுடியாது."

"ஏ, நீ ரெக்சனுக்கத் தங்கச்சிதானே? வாயத் தொறந்து பேசமாட்டியே நீ." பின்னால் எஞ்சின் முடுக்கும் சத்தம். "அண்ணன் அங்க கெடக்கான், போகாதேங்குதியே. உனக்குக் கிறுக்கா?"

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். கடைசியில் அவர், "சரி, நிண்ணு பாக்கோம், நீ கரையாத," என்றார்.

*

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு சேட்டிலைட் போனில் மாமனின் குரல் வந்தது.

"நிண்ணுட்டோம் பிள்ளே. நீ சொன்ன இடத்துல."

"என்ன தெரியுது மாமா?"

"கடல் நிக்குது. அலை எழும்புனபடியே நிக்குது, உழுத வயல் மாதிரி. அதுக்கு அங்கிட்டுக் கறுப்பு. ஒண்ணுமே தெரியல்ல. நம்ம பய ஒருத்தன் வலையில கெட்டுத மிதவை ஒண்ண எறிஞ்சான்."

"ம்."

"அது விழவே இல்ல. அந்தரத்துல நிக்குது."

பதினாறு படகுகளும் அன்று பகல் முழுவதும் விளிம்பில் நின்றுவிட்டுத் திரும்பின.

வியாழக்கிழமை காலை நான் வேலைக்குப் போனேன். சரக்கு விமானத்தின் நேரம் வந்திருந்தது. வித்தியாசம் 0.0. கட்டம் திறக்கவில்லை. காரணம் எதுவும் கேட்கவில்லை.

விசாரணைக் குழு என்னைக் கூப்பிடவில்லை. பதினொன்றரைக்கு எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஓர் ஊழியர் எழுப்பிய கவலையை மதித்து, மடிப்பு இன்று முதல் முற்றிலும் நிறுத்தப்படுகிறது. பயண நேரத்தில் மாற்றம் இருக்காது. புதிய தூரப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.

குமுதினி மேடம் என் மேசைக்கு வந்தார். "நிறுத்திட்டாங்க ஜெர்லின். நீ சொன்னதாலதான்," என்றார். வட்டம் ஏற்கெனவே மூடிவிட்டது அவருக்கும் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பட்டியலைத் திறந்தேன். சென்னை–கேப்டவுன் 7,940 கிலோமீட்டர். நாளைய திட்டத்தில் அந்த எண் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

மைனி கூப்பிட்டாள். ரேடியோவின் இரைச்சல் பின்னால் கேட்டது. அவள் அதை அணைக்கவில்லை.

"இப்போ அவருக்க மணிக்கூறுல எவ்வளவு நேரம் ஆயிருக்கும் பிள்ளே?"

"கயிறை அறுத்துட்டுக் கெளம்பி ஆறு மணிக்கூறும் கொஞ்சமும் மைனி."

"பாதிகூட வரல்ல."

"இல்ல."

"நாளைக்கு?"

"நாளைக்கும் அதே ஆறு மணிக்கூறும் கொஞ்சமும்தான் மைனி." இரைச்சலுக்கு நடுவே அவள் முள்ளை மறுபடி திருப்பிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"ராத்திரிக் கஞ்சியாவது குடிச்சிருப்பாரா?"

"குடிச்சுட்டு இருப்பான்," என்றேன்.